கார் ஏசியில் சூடான காற்று வந்தால்: ரங்கூனில் புதிதாக வண்டி எடுத்தவர்களுக்கு

ஏப்ரல் மாதத்து ரங்கூனில் மத்தியான வெயில் 37, 38 டிகிரிக்குப் போய்விடும். லெடான் சந்திப்பில் சிக்னல் விழுந்தால் வண்டிகள் நகரவே நகராது. அந்த நேரம் பார்த்து ஏசி சூடான காற்றை ஊதத் தொடங்கினால், நேராகப் பக்கத்து ஒர்க்‌ஷாப்புக்குப் போய் கேஸ் அடித்துக்கொண்டு வருவதுதான் நம் ஆட்களின் வழக்கம். கொஞ்ச நாள் குளிரும். அப்புறம் பழைய கதைதான். மறுபடி கேஸ், மறுபடி காசு.

இந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பெட்ரோல் ஓட ஓடத் தீரும். ஏசி கேஸ் அப்படித் தீராது. அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. பல வருடங்களில் ரப்பர் குழாய்கள் வழியாகக் கொஞ்சம் கசியலாம், அது வேறு. ஒரே சீசனில் கேஸ் காணாமல் போனால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. அதோடு, சூடான காற்று வருவதற்குக் கேஸ் குறைவது ஒன்றுதான் காரணம் என்பதும் இல்லை. விசிறி நின்றிருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், டேஷ்போர்டுக்குள் ஒரு சின்னக் கதவு சிக்கியிருக்கலாம். இவற்றையெல்லாம் காசு செலவில்லாமல் நீங்களே பார்த்துவிடலாம்.

முதலில் அது எப்படிக் குளிர்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கம்ப்ரசர் கேஸை அமுக்கிச் சூடாக்கி, ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே காற்று பட்டு அந்தச் சூடு வெளியேறி, கேஸ் திரவமாகிறது. திரவம் ஈரத்தை உறிஞ்சும் டிரையர் வழியாகப் போய், எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளையில் பீய்ச்சப்பட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஆவியாகிறது. கையில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருக்கிறதே, அதே சங்கதிதான். ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை இழுத்துக்கொள்கிறது. புளோயர் அந்தக் காயில் மீது ஊதும் காற்றுதான் உங்கள் முகத்தில் படுகிறது. இந்த வட்டத்தில் எந்த இடம் நின்றாலும் காற்று சூடாகத்தான் வரும். எந்த இடம் நின்றது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

சீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டியவை

என்ஜினை ஓடவிட்டு ஏசி பட்டனை அழுத்துங்கள். வெப்பநிலைத் திருகை முழுக்கக் குளிர் பக்கம் வையுங்கள். உள்காற்று சுழலும் பட்டனையும் போடுங்கள். வெளிக்காற்று வரும்படி விட்டிருந்தால் ரங்கூன் வெயிலில் நல்ல ஏசிகூடத் திணறும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பலர் இந்த ஒரு பட்டனைக் கவனிக்காமல் ஏசியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

காற்று எவ்வளவு வேகமாக வருகிறது என்று பாருங்கள். குளிர்ச்சி இருந்தும் காற்று மெல்ல வந்தால் கோளாறு கேஸில் இல்லை, உள்ளே வரும் காற்றின் தூசியைப் பிடிக்கும் வடிகட்டியில் இருக்கலாம். நம் ஊரில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் ஜப்பானிலிருந்து பழையதாக வந்தவை. சாலையில் வலப்பக்கம் போகும் முறை பர்மாவுக்கு 1970இல் வந்தது. ஆனால் இந்த வண்டிகளின் ஸ்டீயரிங்கும் வலப்பக்கம்தான். எனவே நமக்குக் கையுறைப் பெட்டி இடப்பக்கம் இருக்கும். அமெரிக்க யூடியூப் வீடியோவைப் பார்த்துப் பழகுகிறவர்கள் இடம் வலம் மாற்றிப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தப் பெட்டியின் இரண்டு பக்கத்தையும் உள்ளே அமுக்கினால் அது கீழே தொங்கும். அதன் பின்னால் வடிகட்டித் தட்டு. இழுத்துப் பாருங்கள். காய்ந்த இலை, எலி கொண்டுவந்த பஞ்சு, கறுத்துப்போன தாள் எல்லாம் வரும். சில வண்டிகளில் தட்டு மட்டும் இருக்கும், வடிகட்டியே இருக்காது. அப்படியானால் அத்தனை தூசியும் கூலிங் காயிலில் ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழற்றிக் கழுவ வேண்டிவரும்.

இன்னொரு விதம் உண்டு. கிளம்பும்போது நன்றாகக் குளிரும். ஒரு மணி நேரம் போனால் காற்று குறைந்துகொண்டே வந்து அப்புறம் குளிரும் போய்விடும். ஏசியை மட்டும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் புளோயரை ஓடவிட்டால் காற்று பழையபடி வேகமாக வரும். இது காயிலில் பனி கட்டுவது. அடைத்த வடிகட்டி, அல்லது காயிலின் குளிரை அளக்கும் சென்சார், இந்த இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏசி பட்டனின் விளக்கையும் பாருங்கள். எரியவே இல்லை என்றால் மின்சாரக் கோளாறு. பழைய டொயோட்டா வண்டிகள் பலவற்றில் விளக்கு விட்டுவிட்டு மின்னும். கம்ப்ரசர் சரியாகச் சுற்றவில்லை, பெல்ட் வழுக்குகிறது அல்லது கம்ப்ரசர் இறுகிவிட்டது என்று வண்டி சொல்லும் விதம் அது. அதற்கு மேல் ஏசியைப் போட்டு ஓட்டாதீர்கள். பெல்ட் அறுந்தால், அதே பெல்ட்டில் டைனமோவோ தண்ணீர்ப் பம்போ ஓடும் வண்டியில் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

பானெட்டைத் திறந்து

ஹேண்ட் பிரேக் போட்டு, கியரைப் பார்க்கிங்கில் வையுங்கள். தொங்கும் துணி, துண்டு, சங்கிலி எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டு அணைக்கட்டும், நீங்கள் வெளியே நின்று பாருங்கள்.

ஏசி போட்டதும் கம்ப்ரசர் முனையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். புல்லி எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அதன் முன்னால் இருக்கும் தட்டு, காந்தம் இழுத்ததும் ஒட்டிக்கொண்டு சேர்ந்து சுற்றும். இதைத்தான் கிளட்ச் என்கிறோம். தட்டு சும்மா நின்றால் கம்ப்ரசர் வேலை செய்யவில்லை. புது வண்டிகள் சிலவற்றில் கிளட்ச்சே கிடையாது. அவற்றுக்கு இந்தச் சோதனை செல்லாது.

தட்டு சுற்றவில்லை என்றால் ஃபியூஸ் பெட்டிக்குப் போங்கள். மூடியின் உட்புறத்தில் எது ஏசி ஃபியூஸ், எது ரிலே (மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சின்னப் பெட்டி) என்று படம் இருக்கும். ஃபியூஸ் சரியாக இருந்தால், அதே அளவு ஹாரன் ரிலேயை எடுத்து ஏசி ரிலேயின் இடத்தில் செருகிப் பாருங்கள். கிளட்ச் ஒட்டிக்கொண்டால் கோளாறு அந்தச் சின்னப் பெட்டிதான். அப்படியும் ஒட்டவில்லை என்றால் கேஸ் ரொம்பக் குறைந்திருக்கலாம். அழுத்தம் குறைந்தால் கம்ப்ரசர் கெடாமலிருக்க ஒரு சுவிட்ச் அதை ஓடவிடாமல் தடுக்கும். அந்த சுவிட்ச்சை ஒயர் போட்டுத் தாண்டிவிடும் ஆட்கள் உண்டு. உங்கள் வண்டியில் அதைச் செய்ய விடாதீர்கள். கேஸோடு சேர்ந்து சுற்றும் எண்ணெய்தான் கம்ப்ரசருக்கு உயிர். அது வராமல் ஓட்டினால் உள்ளே தேய்ந்து, இரும்புத் தூள் எல்லாக் குழாயிலும் பரவிவிடும். அப்புறம் மொத்தத்தையும் மாற்ற வேண்டிவரும்.

கிளட்ச் விஷயத்தில் எளிதில் பிடிபடாத ஒரு கோளாறு இருக்கிறது. காலையில் ஏசி அருமையாகக் குளிரும். என்ஜின் நன்றாகச் சூடானதும் திடீரென்று நின்றுவிடும். வண்டியை நிழலில் கொஞ்ச நேரம் நிறுத்தினால் மறுபடி குளிரும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோகும்போது ஒழுங்காக ஓடிக்காட்டும். காரணம் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அது சுமார் 0.3 முதல் 0.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தேய்ந்து தேய்ந்து அகன்றுவிட்டால், கிளட்ச்சின் காந்தச் சுருள் சூடாகிக் காந்தத்தின் வலு குறையும்போது தட்டை இழுக்க முடியாமல் போகும். என்ஜினை அணைத்துவிட்டு இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை அந்த இடுக்கில் நுழைத்துப் பாருங்கள். தகடு சுற்றிலும் ஒரே மாதிரி நுழைய வேண்டும். இடைவெளி அதிகமென்றால் தட்டின் நடு நட்டைக் கழற்றி, உள்ளே இருக்கும் மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டாலே போதும். கம்ப்ரசரே போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லப்பட்ட வண்டிகள் இந்த ஒரு வாஷரை எடுத்ததும் பிழைத்துக்கொள்வதைப் பார்க்கலாம். ஓடும் என்ஜினில் குச்சியால் தட்டைத் தள்ளிச் சோதிப்பவர்களைப் பார்த்து நீங்களும் செய்யாதீர்கள். குச்சி பறந்தால் கண் போகும்.

ஓடும்போது குளிர், நின்றால் சூடு

ரங்கூனில் எனக்குத் தெரிந்து அதிகமாகக் கேட்கும் புகார் இது. பியே ரோட்டில் வண்டி ஓடும்போது குளிர்கிறது, சிக்னலில் நின்றால் சூடாகிறது. இதைக் கேட்டவுடனே கண்டென்சர் விசிறியைப் பாருங்கள். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரைக் குளிர வைத்துவிடும். நிற்கும்போது விசிறிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். ஏசி போட்டதும் விசிறி சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, விசிறி மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் வண்டியை இறக்கிய பிறகு இந்த மோட்டார் நின்றுபோவது உண்டு. விசிறி தானாக எப்போது வேண்டுமானாலும் சுற்றத் தொடங்கும். என்ஜின் அணைந்திருந்தாலும் விரலை விடாதீர்கள்.

விசிறி ஓடியும் இதே புகார் என்றால் கண்டென்சரின் முகத்தைப் பாருங்கள். தூசி, பூச்சி, பிளாஸ்டிக் பை எல்லாம் அப்பியிருக்கும். ரேடியேட்டருக்கும் கண்டென்சருக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் அழுக்கு அதிகம். முன்னாலிருந்து பார்த்தால் தெரியாது. என்ஜின் ஆறியபின் சாதாரண ஹோஸ் தண்ணீரை, முடிந்தவரை உள்ளேயிருந்து வெளியே வரும்படி பாய்ச்சுங்கள். வண்டி கழுவும் கடையின் அழுத்தப் பீய்ச்சியைக் கிட்டே வைத்து அடித்தால் அலுமினியத் தகடுகள் மடிந்துபோய் நிலைமை இன்னும் மோசமாகும்.

அப்புறம் ஒரு தொடு சோதனை. ஏசி ஓடும்போது, என்ஜின் பக்கத்திலிருந்து கேபினுக்குள் நுழையும் இரண்டு அலுமினியக் குழாய்களைப் பாருங்கள். தடித்த குழாய் சில்லென்று, மேலே தண்ணீர் பூத்து இருக்க வேண்டும். மெல்லிய குழாய் வெதுவெதுப்பாக இருக்கும். கம்ப்ரசரிலிருந்து கண்டென்சருக்குப் போகும் குழாயைத் தொடாதீர்கள், கை சுட்டுவிடும். தடித்த குழாய் நன்றாகக் குளிர்ந்திருந்தும் உள்ளே சூடான காற்று வந்தால், கேஸ் சுற்று நன்றாக இருக்கிறது. ஹீட்டர் பக்கம் காற்றைத் திருப்பும் கதவோ அதன் மோட்டாரோ சிக்கியிருக்கிறது. கேஸ் எவ்வளவு அடித்தாலும் இது சரியாகாது.

கசிவைத் தேடுவது

கேஸ் மணமில்லாதது, கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அது வெளியேறும்போது எண்ணெயையும் கூட்டிக்கொண்டு வரும். அந்த எண்ணெயில் தூசி ஒட்டும். எனவே டார்ச் அடித்து, குழாய் இணைப்புகளில் கறுப்பாக, ஈரமாக அழுக்குப் பிடித்த இடத்தைத் தேடுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த தூசியாக இருக்கும்போது ஒரு இணைப்பைச் சுற்றி மட்டும் பிசுக்கு இருந்தால் சந்தேகமே வேண்டாம். கண்டென்சரின் கீழ் மூலைகள், கம்ப்ரசரின் முன்பக்கத் தண்டு, ஓ ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கும் ஒவ்வொரு இணைப்பு, கேஸ் ஏற்றும் வால்வு இவற்றை விடாமல் பாருங்கள். வால்வு மூடியைக் கழற்றி அதன்மேல் சோப்பு நுரை வையுங்கள். குமிழி வந்தால் உள்ளே இருக்கும் சின்ன ஊசி வால்வு கசிகிறது. பெரிய செலவில்லாத வேலை.

வெளியே எங்கும் பிசுக்கு இல்லை, ஆனாலும் கேஸ் போகிறது என்றால் சந்தேகம் கூலிங் காயில் மீது. டேஷ்போர்டுக்குள் இருப்பதால் கண்ணால் பார்க்க முடியாது. மின்னணுக் கசிவுமானி வைத்திருக்கும் ஒர்க்‌ஷாப்பில் அதை வென்ட் துளையிலோ, தண்ணீர் சொட்டும் குழாயின் வாயிலோ வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஓட்டையைத் தானே அடைக்கும் என்று டப்பாவில் விற்கும் மருந்தை வாங்காதீர்கள். அது எக்ஸ்பான்ஷன் வால்வின் துளையையும் சேர்த்து அடைக்கும்.

கேஜில் என்ன படிக்க வேண்டும்

இது ஒர்க்‌ஷாப் வேலை. ஆனால் பக்கத்தில் நின்று நீங்கள் பார்க்கலாம், பார்க்க வேண்டும். கேஜ் என்பது அழுத்தம் காட்டும் மானி. அதன் நீலக் குழாய் அழுத்தம் குறைந்த தாழ்பக்கம், சிவப்புக் குழாய் அழுத்தம் கூடிய உயர்பக்கம். ஆர் 134ஏ என்ற வகைக் கேஸ் ஓடும் வண்டிகளில் இரண்டு வால்வும் வேறு வேறு அளவு, மாற்றிச் செருக முடியாது.

என்ஜின் ஓடாமல் இருக்கும்போது கேஜ் காட்டும் அழுத்தத்தை வைத்துக் கேஸ் எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல முடியாது. 30 டிகிரி வெயிலில் ஆர் 134ஏ சதுர அங்குலத்துக்குச் சுமார் 97 பவுண்டு காட்டும். உள்ளே கொஞ்சம் திரவம் மிச்சமிருந்தாலும் அதே 97தான், நிறைய இருந்தாலும் 97தான். "பார், அழுத்தம் இருக்கிறது, கேஸ் நிறைய இருக்கிறது" என்று நிறுத்திய வண்டியில் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

என்ஜின் 1500 சுற்றில், புளோயர் முழு வேகத்தில், கதவுகள் திறந்து, உள்காற்று சுழலும்போது, 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் டொயோட்டா கையேடுகள் தரும் அளவு தாழ்பக்கம் ஏறத்தாழ 22 முதல் 36 பவுண்டு, உயர்பக்கம் 200 முதல் 230 பவுண்டு. ஏப்ரல் வெயிலில் இரண்டுமே இதைவிடக் கொஞ்சம் ஏறும். இரண்டும் குறைவாக இருந்தால் பெரும்பாலும் கேஸ் குறைவு. இரண்டும் அதிகமாக இருந்தால் கேஸ் கூடிவிட்டது, கண்டென்சர் அடைத்திருக்கிறது, அல்லது உள்ளே காற்று புகுந்திருக்கிறது. கேஸ் கூடினாலும் குளிராது என்பதைப் பலர் நம்புவதே இல்லை, ஆனால் அதுதான் உண்மை. தாழ்பக்கம் அதிகம், உயர்பக்கம் குறைவு என்றால் கம்ப்ரசர் அமுக்கவில்லை. தாழ்பக்கம் பூச்சியத்துக்குக் கீழே போனால் வழியில் அடைப்பு. ஈரம் உறைந்து எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்தாலும் இப்படித்தான் காட்டும்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்டு வாங்க வேண்டியது

மெக்கானிக்கிடம் பர்மிய மொழியில் "சயா, ஏகுன் ம ஏ பூ" (மேஸ்திரி, ஏசி குளிரவில்லை) என்று மட்டும் சொன்னால் அவர் கேஸ் சிலிண்டரைத்தான் உருட்டிக்கொண்டு வருவார். நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்: நின்றால்தான் சூடாகிறது, விசிறி சுற்றுகிறது, கிளட்ச் ஒட்டுகிறது, இந்த இணைப்பில் பிசுக்கு இருக்கிறது. நல்ல சயாவாக இருந்தால் அதற்கப்புறம் உங்களிடம் பேசும் விதமே மாறும்.

குழாயைத் திறந்து வேலை செய்தால் டிரையரையும் ஓ ரிங்குகளையும் மாற்றச் சொல்லுங்கள். பிறகு வாக்குவம் பம்ப் போட்டுக் குறைந்தது அரை மணி நேரம் உறிஞ்ச வேண்டும். மழைக்காலமானால் இன்னும் கூடுதலாக வைப்பது நல்லது. ரங்கூன் மழைக்காலக் காற்றில் அவ்வளவு ஈரம். பம்பை நிறுத்திய பிறகு பத்து, பதினைந்து நிமிடம் கேஜ் முள் நகராமல் நிற்க வேண்டும். ஏறினால் ஓட்டை இன்னும் இருக்கிறது. இந்தக் காத்திருப்பைத்தான் அவசரத்தில் விட்டுவிடுவார்கள். டீ குடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்காருங்கள்.

கேஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். பானெட்டின் உள்ளே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பானிய எழுத்து புரியாவிட்டாலும் 134 என்ற எண்ணும் கிராம் அளவும் புரியும். சின்ன வண்டிகளுக்கு 350 முதல் 500 கிராம் அளவில்தான் இருக்கும். 50 கிராம் கூடக் குறைய ஆனாலே குளிர்ச்சியில் வித்தியாசம் தெரியும். அதனால் தராசு இல்லாமல் குழாயைத் தொட்டுப் பார்த்து நிரப்பும் இடத்தில் கொடுக்காதீர்கள். ஸ்டிக்கரில் ஆர் 1234வைஎஃப் என்றிருந்தால் அது வேறு கேஸ், இதை அதில் கலக்கக் கூடாது. மலிவு என்று சமையல் கேஸ் வகையை ஏற்றித் தருவதாகச் சொன்னால் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கூலிங் காயில் கசிந்தால் அது கேபினுக்குள் பரவி ஒரு தீப்பொறிக்கே பற்றிக்கொள்ளும்.

பிரியஸ், அக்வா மாதிரி ஹைபிரிட் வண்டி வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவற்றின் கம்ப்ரசர் பெல்ட்டில் ஓடுவதில்லை, பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. ஆரஞ்சு நிற ஒயர்களைத் தொடவே கூடாது. அதில் ஓடுவது உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம். அதற்கான எண்ணெயும் வேறு. சாதாரண வண்டியின் பிஏஜி எண்ணெய் கொஞ்சம் கலந்தாலும் கம்ப்ரசருக்குள் மின்காப்பு கெட்டு, கசிவு மின்சாரக் கோளாறு என்று வண்டியே ஓட மறுக்கலாம். அதனால் ஹைபிரிட்டுக்கென்று தனிக் குழாயும் எண்ணெயும் வைத்திருக்கும் இடத்துக்கு மட்டும் கொண்டுபோங்கள்.

வண்டியை எடுக்கும்போது நடு வென்ட்டில் ஒரு தெர்மாமீட்டரைச் செருகி, கதவை மூடி, பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் 8 முதல் 13 டிகிரிக்குள் வந்தால் நன்றாக இருக்கிறது. இடது வென்ட்டும் வலது வென்ட்டும் ஏறத்தாழ ஒரே குளிராக இருக்க வேண்டும். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி; சொட்டாமல் இடப்பக்கக் கால்மிதியடி நனைந்தால் வடிகுழாயை ஊதிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எத்தனை கிராம் ஏற்றினார்கள் என்பதையும் தேதியையும் ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த திஞ்ஞானுக்குள், அதாவது ஏப்ரலில் வரும் பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவுக்குள், மறுபடி சூடானால், எவ்வளவு கேஸ் எத்தனை மாதத்தில் போனது என்பதை அந்த ரசீதை வைத்துத்தான் கணக்குப் பார்க்க முடியும்.